சிவப்பு விளக்கு எரிந்தால் மாணவரைக் கூப்பிடுவது யார்?

மூன்றாம் ஆண்டு முடிகிற நேரத்தில்தான் அந்த மாணவிக்குத் தெரியவருகிறது, பட்டம் வாங்க இன்னும் ஒரு புள்ளியியல் பாடம் பாக்கி இருக்கிறது என்று. சரி, அடுத்த செமஸ்டரில் எடுத்துவிடலாம் என்று பார்த்தால், அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. அதில் சேர வேண்டுமானால் அதற்கு முன்பாக ஒரு கணிதப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே எடுத்திருக்கக்கூடிய பாடம் அது. எடுக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்து ஆண்டாகிறது. இதில் யாரும் அவரை ஏமாற்றவில்லை. எல்லா விதிகளும் பாடத்திட்டக் கையேட்டில் அச்சாகித்தான் இருந்தன, பல நூறு பக்கங்களுக்கு நடுவில் எங்கோ ஓரிடத்தில்.

இந்த மாணவி கற்பனைதான். ஆனால் பாடங்களை மாணவர்களே தேர்ந்தெடுக்கிற பல்கலைக்கழகம் எதுவானாலும், அங்கே இவரைப் போல ஒருவரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காக உண்டானதுதான் கல்வி ஆலோசனை என்கிற பணி. சில நாடுகளில் இதற்கென்றே முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். வேறு பல இடங்களில் பேராசிரியர்கள் கற்பித்தலோடு சேர்த்து இதையும் சுமக்கிறார்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக இந்தப் பணிக்குள் மென்பொருள் ஒவ்வொன்றாக நுழைந்து வந்திருக்கிறது. அதில் எது உதவியது, எது உதவியதாக நம்பப்பட்டது என்பதை நிதானமாகப் பார்க்க இப்போது நிறையத் தகவல் சேர்ந்திருக்கிறது.

1972-ல் பர்ன்ஸ் குருக்ஸ்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஆலோசனையை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, மருத்துவர் சீட்டு எழுதித் தருவது போன்றது. இந்தப் பாடம் எடு, அந்தப் படிவம் கொடு, போ. இன்னொன்று, மாணவர் தன் படிப்பைப் பற்றியும் அதற்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றியும் யோசித்து முடிவெடுக்கப் பழகுகிற உரையாடல். இரண்டாவதுதான் உண்மையில் பயன் தருவது என்பது அவர் வாதம். ஆனால் கதவுக்கு வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஆலோசகரால் செய்ய முடிவது முதலாவதைத்தான். சீட்டு எழுதும் வேலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டால் பேசுவதற்கு நேரம் கிடைக்கும் என்பதே தொழில்நுட்பம் கொடுத்த முதல் வாக்குறுதி. அந்த வாக்குறுதி எவ்வளவு நிறைவேறியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

விதிகளைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது

இந்தத் துறையில் மிகப் பழையதும், என் கணக்கில் மிகவும் பயனுள்ளதும், அதே சமயம் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் பட்டத் தணிக்கை மென்பொருள். மாணவர் முடித்த பாடங்களை ஒரு பக்கம் வைத்து, பட்டத்துக்கு வேண்டிய நிபந்தனைகளை மறுபக்கம் வைத்து, இன்னும் என்ன பாக்கி என்று ஒப்பிட்டுச் சொல்வது அதன் வேலை. 1980-களில் ஒஹாயோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு மென்பொருள் இந்த வகையில் ஆரம்பகால முன்னோடி. அதற்கு முன்பு இதைக் காகிதத்தில் பேனாவால் டிக் அடித்துத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் கடைசி ஆண்டில்தான். அதாவது, தப்பைத் திருத்திக்கொள்ள நேரம் இல்லாத காலத்தில்.

கேட்கும்போது எளிதான வேலையாகத் தெரியும். கழித்தல் கணக்குத்தானே? உள்ளே இறங்கினால்தான் சிக்கல் புரியும். ஒரு மாணவர் எந்த ஆண்டில் சேர்ந்தாரோ அந்த ஆண்டுக்கான விதிகள்தான் அவருக்குப் பொருந்தும். எனவே ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இரண்டு விதமான பட்டியல்கள் இருக்கலாம். வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர் அங்கே படித்த பாடம் இங்கே எதற்குச் சமம் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். ஒரே பாடம் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றுமா, ஒன்றுக்கு மட்டும்தானா? இந்த விருப்பப் பாடத்துக்குப் பதில் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று துறைத் தலைவர் எப்போதோ அனுப்பிய மின்னஞ்சல் எங்கே பதிவாகியிருக்கிறது?

இங்கேதான் ஒரு வேடிக்கை நடக்கிறது. மென்பொருளுக்காக விதிகளை எழுதி வைக்க உட்காரும்போது, தன் விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது பல்கலைக்கழகத்துக்கே அப்போதுதான் தெரியவருகிறது. கையேட்டில் ஒன்று இருக்கும், துறை அலுவலகத்தில் வேறொன்று வழக்கத்தில் இருக்கும், உண்மையான விதி இருபது ஆண்டாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஊழியரின் தலைக்குள் இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் விதியும் ஓய்வு பெற்றுவிடும். மென்பொருள் வாங்கியதால் கிடைத்த பயனில் பாதி, அதை நிறுவுவதற்காக வீட்டை ஒழுங்குபடுத்தியதால் கிடைத்தது என்று சொன்னால் அது மிகை இல்லை.

ஒழுங்குபடுத்திய பிறகு கிடைப்பது சாதாரண விஷயம் அல்ல. மாணவர் நள்ளிரவில் தானே உள்ளே போய், பொருளாதாரத்திலிருந்து உளவியலுக்கு மாறினால் இதுவரை படித்ததில் எது செல்லும், எது வீணாகும், எத்தனை செமஸ்டர் கூடும் என்று பார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மனம் மாறியதை யாருக்கும் அறிவிக்கவும் வேண்டாம். ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தயங்குகிற ஒரு கேள்வியைத் திரையிடம் கேட்டுவிட முடிகிறது.

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2007-ல் கொண்டுவந்த ஈ-அட்வைசர் இதை இன்னொரு படி நகர்த்தியது. என்ன பாக்கி என்று சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொரு படிப்புக்கும் செமஸ்டர் வாரியாக ஒரு வழித்தடம் போட்டது. அந்தத் துறை தனக்குச் சரிப்படுமா என்பதைக் காட்டக்கூடிய முக்கியமான பாடங்களைத் தள்ளிப்போட விடாமல் ஆரம்பத்திலேயே கொண்டுவந்து வைத்தது. மாணவர் தடத்தில் இருக்கிறாரா, விலகிவிட்டாரா என்று அந்தந்த செமஸ்டரிலேயே தெரியும். இதன் பக்க விளைவு ஒன்று இருக்கிறது, அது கவனிக்கப்படுவதே இல்லை. எந்தத் தடத்தில் எத்தனை பேர் என்று தெரிந்தால், அடுத்த செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு எத்தனை இடம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மாணவர் தாமதமாவதற்கு அவருடைய கவனக்குறைவு மட்டுமா காரணம்? பல நேரம் அவருக்கு வேண்டிய பாடத்தில் இடமே இருப்பதில்லை. எவ்வளவு நல்ல ஆலோசகராக இருந்தாலும் இல்லாத இருக்கையைத் தர முடியாது.

விளக்குகள் வந்தன

அடுத்து வந்தது கணிப்பு. இதைப் பற்றித்தான் செய்திகள் வரும், மாநாடுகள் நடக்கும், விற்பனையாளர்கள் படம் போட்டுக் காட்டுவார்கள்.

இண்டியானாவில் உள்ள பர்டூ பல்கலைக்கழகம் 2007-ல் கோர்ஸ் சிக்னல்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவரின் பழைய மதிப்பெண்கள், இந்தப் பாடத்தில் இதுவரை எடுத்த மதிப்பெண், பாட இணையதளத்துக்குள் எவ்வளவு தூரம் வந்துபோகிறார் என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு விளக்கைக் காட்டும். பச்சை என்றால் பிரச்சினை இல்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. போக்குவரத்து விளக்கு மாதிரி, யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை உள்ள பாடங்களை இரண்டு அல்லது அதற்கு மேல் எடுத்த மாணவர்கள் படிப்பைத் தொடரும் விகிதம் 21 சதவீதம் அதிகம் என்று அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட எண் இது.

2013-ல், கல்வித் தொழில்நுட்பம் பற்றி எழுதிவந்த மைக்கேல் கால்ஃபீல்ட் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். முதல் செமஸ்டரிலேயே படிப்பை விட்டுப் போனவர் இந்த விளக்கு உள்ள பாடங்களை எத்தனை எடுத்திருக்க முடியும்? ஒன்று எடுத்திருப்பார், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. நான்கு ஆண்டும் இருந்தவர் தன்னை அறியாமலேயே மூன்று நான்கு எடுத்திருப்பார். அப்படியானால், இந்தப் பாடங்களை அதிகம் எடுத்ததால் அவர் தங்கினாரா, தங்கியதால் அதிகம் எடுத்தாரா? கல்வித் தரவு ஆய்வில் ஈடுபட்டிருந்த ஆல்ஃபிரட் எஸ்ஸா, கற்பனை மாணவர்களை வைத்து ஒரு கணினி மாதிரி செய்து இதை ஓட்டிக் காட்டினார். விளக்குக்குப் பதிலாக மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுப்பதாக வைத்துக்கொண்டார். சாக்லேட்டால் ஒரு பயனும் இல்லை என்று மாதிரியிலேயே எழுதிவைத்துவிட்டு ஓட்டியபோதும், அதிக சாக்லேட் வாங்கியவர்கள் அதிகம் தங்கியதாகவே விடை வந்தது! மருத்துவமனையில் அதிக நாள் இருந்தவர் அதிக இட்லி சாப்பிட்டிருப்பார், அதனால் இட்லி நோயைக் கூட்டுகிறது என்று முடிவு கட்டுவது போலத்தான்.

சிக்னல்ஸ் பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. பயன் இருக்கிறது என்பதற்குக் காட்டப்பட்ட ஆதாரம் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த எண் அதற்குள் பல பல்கலைக்கழகங்களின் வாங்கும் முடிவுகளுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

நாற்பத்திரண்டு பேர்

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் வெற்றிக்கதை ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். அட்லாண்டா நகரில் இருப்பது. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களும், வீட்டிலேயே முதல் பட்டதாரிகளாக வருபவர்களும் அதிகம். 2003-ல் அங்கே பட்டத்தை முடிப்போர் விகிதம் 32 சதவீதம் மட்டுமே. பத்துப் பதினோரு ஆண்டுகளில் அது 50-ஐத் தாண்டியது. கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் பட்டம் பெறும் விகிதத்தில் இருந்த இடைவெளி மறைந்தது. 2012-ல் அவர்கள் ஒரு கணிப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய மாணவர்களின் லட்சக்கணக்கான மதிப்பெண் பதிவுகளை அலசி, 800-க்கும் மேற்பட்ட அபாய அறிகுறிகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் ஆலோசகருக்கு எச்சரிக்கை அனுப்பும் முறை.

அந்த அறிகுறிகளில் சில ஆச்சரியமானவை. ஒரு துறையின் முதல் அறிமுகப் பாடத்தில் சாதாரணமான ஒரு தேர்ச்சி மதிப்பெண் வாங்கியவரை யாரும் கண்டுகொள்வதில்லை. பாஸ் ஆகிவிட்டார், அப்புறம் என்ன? ஆனால் பழைய பதிவுகளைப் பார்த்தால், அதே பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களில் பெரும்பாலோர் உரிய காலத்தில் பட்டம் வாங்கியிருக்கிறார்கள், ஏதோ தேறினால் போதும் என்று தேறியவர்களில் பெரும்பாலோர் வாங்கவில்லை. அதாவது, தோற்றவர் மேல் எல்லோர் கண்ணும் இருக்கும், தேறியும் தள்ளாடுபவர் மேல் யார் கண்ணும் இராது. இதை மனிதக் கண் கண்டுபிடித்திருக்காது. கணினி தன் சம்பளத்தைச் சம்பாதித்துக்கொள்கிற இடம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

ஆனால் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 800 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு 42 என்ற எண்ணை விட்டுவிடுகிறார்கள். கணிப்பு முறையோடு சேர்த்து, அந்தப் பல்கலைக்கழகம் 42 புதிய ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தது. ஒரு ஆலோசகருக்கு ஏறக்குறைய 300 மாணவர் என்ற அளவுக்குச் சுமையைக் கொண்டுவந்தது. கூடவே, ஏதோ ஒரு சிறு தொகை பாக்கி என்பதற்காக வகுப்பிலிருந்து நீக்கப்படவிருந்த மாணவர்களுக்கு, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே கணக்கில் அந்தத் தொகையைப் போடும் திட்டமும் 2011 முதல் இருந்தது. யாருக்கு இந்தப் பணம் தேவை என்று தேடிப் பிடித்ததும் அதே தரவுகள்தான்.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் நடந்த சோதனைகளைப் பார்த்தால் படம் தெளிவாகிறது. மூன்று அமெரிக்கக் கல்வி நிலையங்களில், தொழில்நுட்பத்தின் துணையோடு மேம்படுத்திய ஆலோசனையைச் சீட்டுக் குலுக்கல் முறையில் ஒரு பகுதி மாணவர்களுக்குக் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். தொடக்க காலத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பதினோரு பெரிய பல்கலைக்கழகங்களில் சுமார் 10,000 மாணவர்களை வைத்து இதேபோல நடந்த இன்னொரு ஆய்விலும் ஒட்டுமொத்தமாகப் பெரிய பலன் வரவில்லை. தெளிவாகப் பலன் தெரிந்த இடம் ஜார்ஜியா ஸ்டேட். மென்பொருளின் தரத்தை வைத்து மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்கிவிட முடியாது. விளக்கு எரிந்த மறுநாள் என்ன நடந்தது என்பதில்தான் வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 வாரச் செமஸ்டர், வாரம் 40 மணி நேரம். மொத்தம் 600 மணி நேரம். கூட்டம், படிவம், மின்னஞ்சல், பயிற்சி என்று பாதி போய்விட்டால் மிச்சம் 300. மாணவர்கள் 300 பேர் என்றால் தலைக்கு ஒரு மணி நேரம், செமஸ்டர் முழுவதற்கும். 600 பேர் என்றால் அரை மணி. இப்போது கணிப்பு முறையைச் சேர்ப்போம். 1,000 மாணவர்களில் 100 பேர் படிப்பை விடப்போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முறை அவர்களில் 70 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. கூடவே, உண்மையில் பிரச்சினை இல்லாத 180 பேர் மீதும் சிவப்பு விளக்கைப் போடுகிறது. இந்த வகைக் கணிப்பில் இது மோசமான நிலை இல்லை. ஆக 250 பேரைக் கூப்பிட வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் "எனக்கு ஒன்றுமில்லையே" என்று சொல்லப்போகிறவர்கள். பிடிபடாத 30 பேர் பச்சை விளக்கோடு நிம்மதியாக வெளியேறுவார்கள். ஆலோசகர் கையில் அரை மணி நேரம்தான் என்றால், இந்த எச்சரிக்கைகள் அவர் மேசையில் இன்னொரு குவியல், அவ்வளவே.

மாறாக, பெரிய தொழில்நுட்பம் எதையும் முன்னிறுத்தாத ஒரு திட்டம் இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007-ல் தொடங்கிய ஏசாப். மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். பதிலுக்குக் கட்டணத்தில் துண்டு விழும் தொகை, பாடநூல், பயண அட்டை எல்லாம் கிடைக்கும். ஆலோசகருக்கு மாணவர் எண்ணிக்கை வழக்கத்தைவிட மிகக் குறைவு. குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் வாங்கியிருந்தார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம். கல்வித் துறையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அரிது. செலவும் அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் "ஆட்களுக்குப் பணம் இல்லை, அதனால் மென்பொருள் வாங்குகிறோம்" என்று சொல்லும் நிர்வாகம், தான் எதற்குப் பதிலாக எதை வாங்குகிறது என்பதை இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரவு இரண்டு மணிக்குப் பதில் சொல்வது

சாட்பாட் விஷயத்துக்கு வருவோம். ஜார்ஜியா ஸ்டேட்டிலேயே 2016-ல், இடம் கிடைத்தும் கோடை விடுமுறைக்குப் பிறகு வராமல் போய்விடும் மாணவர்களுக்காகக் குறுஞ்செய்தியில் பதில் சொல்லும் பவுன்ஸ் என்ற நிரலைக் கொண்டுவந்தார்கள். அந்த முதல் கோடையிலேயே இரண்டு லட்சம் செய்திகளுக்கு மேல் பதில் போனது. வராமல் போனவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கேட்கப்பட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். எந்தப் படிவம், எந்தத் தேதி, தடுப்பூசிச் சான்றிதழை எங்கே கொடுப்பது. வீட்டில் ஏற்கெனவே பட்டதாரிகள் இருந்தால் அக்காவிடம் கேட்டுவிடலாம். இல்லாதவர் யாரிடம் கேட்பார்? இது கூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் மனிதர் முன்னால் வரும், இயந்திரத்தின் முன்னால் வராது.

இதைப் பார்த்துவிட்டு, செய்தி அனுப்பினாலே போதும் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். அமெரிக்காவில் கல்வி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எட்டு லட்சம் மாணவர்களுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு பலனும் இல்லை. முகம் தெரியாத ஒரு பெரிய அமைப்பிடமிருந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிற நினைவூட்டலுக்கும், தான் சேரப்போகும் இடத்திலிருந்து, தன் பெயரில் இன்னும் முடியாமல் நிற்கும் ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லி வருகிற செய்திக்கும் பெரிய தூரம். முன்னதை நாம் எல்லோரும் தினமும் படிக்காமலேயே அழிக்கிறோம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுக்கிறதோ இல்லையோ, மாணவர்கள் தங்கள் படிப்பு பற்றிய கேள்விகளை இப்போது அதனிடமும் அதைப் போன்றவற்றிடமும் கேட்கிறார்கள். இந்த மொழி மாதிரிகள் பேச்சில் கெட்டிக்காரர்கள், விதிகளில் அப்படி அல்ல. நடைமுறையில் இல்லாத பாடக் குறியீட்டைக்கூடத் தயக்கமே இல்லாமல் சொல்லும். தவறான பதில் தயங்கித் தயங்கி வந்தால் நாம் சரிபார்ப்போம்; நிச்சயத்தோடு வந்தால் பதிவு செய்துவிட்டு ஒரு செமஸ்டர் கழித்துத்தான் தெரிந்துகொள்வோம். எனவே இதைப் பயன்படுத்த நினைக்கும் பல்கலைக்கழகங்கள் வேலையைப் பிரித்துக்கொள்வதே சரி. என்ன பாக்கி, எது எப்போது நடக்கும் என்பதற்கு விடை பட்டத் தணிக்கை மென்பொருளிடமிருந்து வர வேண்டும். அந்த விடையை மாணவருக்குப் புரியும் வார்த்தையில் சொல்ல மட்டும் மொழி மாதிரி போதும். நான் மேலே பழைய மென்பொருளை இவ்வளவு நேரம் புகழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அது ஒழுங்காக இல்லாத இடத்தில், மேலே எவ்வளவு இனிமையாகப் பேசும் சாட்பாட்டை வைத்தாலும் குழப்பம்தான் இனிமையாக வெளியே வரும்.

இன்னொன்று. "ஒரு பாடத்தை எப்படிக் கைவிடுவது?" என்று ஒருவர் கேட்டால் சாட்பாட் படிவத்தின் இணைப்பைக் கொடுக்கும். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். அனுபவமுள்ள ஆலோசகர் படிவத்தை எடுப்பதற்கு முன் "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்பார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இரவு வேலைக்குப் போவதால் காலை வகுப்புக்கு எழ முடியவில்லை, அல்லது இந்தத் துறையே பிடிக்கவில்லை. மூன்றுக்கும் படிவம் ஒன்றுதான், தீர்வு வேறு வேறு.

அந்தப் பட்டியலை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள்

ஆபத்தில் உள்ள மாணவர்களின் பட்டியல் என்பது கத்தி மாதிரி. 2015-ல் மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயிண்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தி, படிப்பைத் தொடர மாட்டார்கள் என்று தோன்றும் இருபது இருபத்தைந்து பேரை ஆரம்பத்திலேயே வெளியே அனுப்பிவிடத் திட்டமிட்டார். அரசுக்கு எண்ணிக்கை கொடுக்கும் தேதிக்கு முன் அவர்கள் போய்விட்டால், படிப்பைத் தொடர்வோர் விகிதம் உயரும் அல்லவா! மாணவர் பத்திரிகை 2016 ஜனவரியில் அதை வெளியிட்டது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு பிப்ரவரி இறுதியில் அவர் பதவி விலகினார். உதவுவதற்காக எடுக்கப்படும் பட்டியலும் கழித்துக்கட்ட எடுக்கப்படும் பட்டியலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்படி யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளாவிட்டாலும் பிரச்சினை தீர்வதில்லை. 2021-ல் தி மார்க்கப் என்ற செய்தி நிறுவனம், பல பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திய கணிப்பு மென்பொருள் மாணவரின் இனத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டதை வெளிப்படுத்தியது. சில இடங்களில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையின மாணவர்களைவிட நான்கு மடங்கு வரை அதிகமாக 'அதிக ஆபத்து' என்று குறிக்கப்பட்டார்கள். கணினியில் வன்மம் இல்லை. கடந்த காலத்தில் யார் கைவிடப்பட்டார்களோ, அவர்களைப் போன்றவர்களே இனியும் தோற்பார்கள் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. முதல் ஆண்டிலேயே அந்த முத்திரையைப் பார்க்கும் ஆலோசகர், நல்ல எண்ணத்தோடுதான், "கணிதம் கஷ்டமாக இருக்கும், வேறு ஏதாவது பாருங்களேன்" என்பார். மாணவரும் மாறிக்கொள்வார். மாறிய துறையில் பட்டமும் வாங்குவார். கணிப்பு சரியாகிவிடும், பல்கலைக்கழகத்தின் எண்ணும் உயரும். அவர் வேண்டிய படிப்பு போனது எந்தக் கணக்கிலும் வராது.

பாடப் பரிந்துரையிலும் இதே நழுவல் இருக்கிறது. டென்னசியில் உள்ள ஆஸ்டின் பே பல்கலைக்கழகம் 2011-ல், இணையத்தில் படமும் புத்தகமும் பரிந்துரைக்கும் முறைகளைப் பார்த்து, மாணவருக்கு எந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வரும் என்று கணித்துப் பரிந்துரைக்கும் டிகிரி காம்பஸ் முறையை உருவாக்கியது. பட்டத்துக்குத் தேவையான பாடங்களுக்குள் தேர்ந்தெடுக்க அது வசதிதான். ஆனால் படம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு மணி நேரத்தோடு போயிற்று. பாடத்தை நாம் எடுப்பதோ பிடித்திருப்பதற்காக மட்டும் இல்லை. இப்போது வராததை வரவைத்துக்கொள்வதற்காகவும்தான்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014-ல் மாணவர் தரவைப் பயன்படுத்துவது பற்றித் தனக்கென்று ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரிகிற தரவை மட்டும் வைத்து மாணவரை முழுவதுமாக வரையறுத்துவிடக் கூடாது என்பது அதில் ஒரு விதி. இணையதளத்துக்குள் பத்து நாளாக வராதவர் படிப்பை விட்டவராக இருக்கலாம். எல்லாவற்றையும் பதிவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படிப்பவராகவும் இருக்கலாம். தரவில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

செய்தியை எப்படி எழுதுவது என்பது கடைசியில் போய் நிற்கும் இடம். "எங்கள் கணிப்பின்படி நீங்கள் இந்தப் பாடத்தில் தேர்ச்சி பெறாமல் போகும் வாய்ப்பு அதிகம். உடனே ஆலோசகரைச் சந்திக்கவும்." இதைப் படித்தவர் வருவாரா, ஒளிவாரா? ஏற்கெனவே தனக்கு இங்கே இடமில்லையோ என்று சந்தேகப்படுபவருக்கு, அந்தச் சந்தேகத்தைப் பல்கலைக்கழகமே முத்திரை குத்தி அனுப்புகிறது. அதே விளக்கு, அதே தரவு, வேறு வார்த்தை: "இரண்டாவது வீட்டுப்பாடம் இன்னும் வரவில்லை என்று பார்த்தேன். இந்தப் பகுதியில் பலர் திணறுவார்கள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் அறையில் இருப்பேன், பத்து நிமிடம் வந்துபோக முடியுமா?" கீழே ஒரு மனிதரின் பெயர். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்த அறையில் உண்மையிலேயே ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு வேறு இருபது பேர் காத்திருக்கக் கூடாது.